பனிச்சரிவில் சிவப்புச் சட்டை

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் கிரிக்கெட்டுக்குக்கூட சேராத கூட்டம் பனிச்சறுக்குப் பார்க்கச் சேர்ந்தது என்றால் மஸ்கெலியா டவுனில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். ஆனால் போன வருடம் தையிலும் மாசியிலும் எங்கள் வீடான காம்பராவில் அதுதான் நடந்தது. காரணம் என் மகன்.

அவன் இத்தாலிக்குப் போய் மூன்று வருடம். ஹோட்டலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவனை அந்தக் குளிர்காலத்தில் பனிமலை வேலைக்கு எடுத்தார்கள். பல நாட்டுக்காரர்களும் வந்து சறுக்குகிற உலகப் போட்டி. காலில் இரண்டு நீளப் பலகைகளை மாட்டிக்கொண்டு ஒவ்வொருவராக உச்சியிலிருந்து இறங்குவார்கள். ஒருவர் போனதும் பாதை கிழிந்து பள்ளமாகிவிடும். ஓரத்தில் நிற்கிற ஆட்கள் ஓடிவந்து, அடுத்தவர் வருவதற்குள் பனியைத் தள்ளி மட்டமாக்கிவிட்டு விலகிவிட வேண்டும். அந்த ஆட்களுக்குச் சிவப்புச் சட்டை.

“ஞாயித்துக்கெழம பின்நேரம் டீவில காட்டுவாங்கப்பா. நான் மூணாவது வளைவுல நிப்பேன். சிவப்புச் சட்டையப் பாத்துக்கிட்டே இருங்க” என்று சொல்லியிருந்தான்.

முதல் ஞாயிறு நானும் மனைவியும் மட்டும் பார்த்தோம். தொப்பியும் கண்ணாடியும் போட்டிருந்ததால் முகம் தெரியவில்லை. ஆனாலும் ஒரு காலில் பாரத்தைப் போட்டு நின்ற விதத்தைப் பார்த்து, “அந்தா, நம்ம புள்ள!” என்று அவள் கத்திவிட்டாள். இரண்டு விநாடிதான் இருக்கும். அடுத்த ஞாயிறு லயமே வந்துவிட்டது. உள்ளே இடம் போதாமல் வாசல் இஸ்தோப்பிலும் நின்றார்கள். நான் டீவிக்கு மேலே இருக்கிற முருகன் படத்துக்கு விளக்கு வைத்து, திருநீறு பூசிக்கொண்டு உட்காருவேன். பெற்ற மனது அப்படித்தான்.

கொஞ்ச நாளில் எல்லோரும் அந்த விளையாட்டின் ரசிகர்களாகிவிட்டார்கள். பாஷை புரியாது, பெயர் தெரியாது. உடுப்பின் நிறத்தைச் சொல்லித்தான் கட்சி பிரிவது.

“இது நம்ம ஏழாம் நம்பர் தேயில மலதான் மச்சான். வெள்ள அடிச்சு வச்சிருக்கானுக” என்பான் என் மனைவியின் தம்பி.

பக்கத்துக் காம்பரா அக்கா விடமாட்டார். “மழையில ஏழாம் நம்பர்ல நான் கூடையோட எறங்குறத வந்து படம் புடிக்கச் சொல்லு. எனக்கு என்ன குடுக்கிறானுகன்னு பாப்போம்.”

“ஒனக்குக் கண்டாக்கு ஏச்சுதான் குடுப்பாரு, போ.”

வேலை மேற்பார்க்கிற கண்டாக்கைச் சொன்னால் எங்கள் ஆட்களுக்குச் சிரிப்பு அடங்காது.

என் மனைவிக்கு நீல உடுப்புப் பெண்தான். அந்தப் பெண் இறங்குவதற்கு முன்னால் கண்ணை மூடி நெஞ்சில் கை வைப்பாள். “சாமி கும்பிட்டுட்டுத்தான் எறங்குது, வளத்த தாய் நல்லா வளத்திருக்கா” என்று சொல்லி, அவள் முறை வந்தால் மூச்சுவிடாமல் பார்ப்பாள்.

நான்காவது ஞாயிறு அது. காலையில் மகன் பேசினான். என்ன கறி என்று கேட்டான், தாயைச் சீண்டினான், வேலைக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டான். பின்நேரம் மூன்று மணிக்கு எல்லோரும் உட்கார்ந்தோம். நீல உடுப்பு வந்தது. முதல் வளைவு, இரண்டாவது வளைவு, பெண்கள் கைதட்டினார்கள். மூன்றாவது வளைவில் அவள் ஒரு கால் தடுமாறியது. அப்படியே பக்கவாட்டில் பறந்து, ஓரத்து வலையை இழுத்துக்கொண்டு போய் விழுந்தாள். வலைக்குப் பின்னால் ஒரு சிவப்புச் சட்டை நின்றது. அது தூக்கி எறியப்பட்டது. நாங்கள் எல்லோரும் பார்த்தோம். பனியில் விழுந்தது எழும்பவில்லை.

டீவியில் வானத்தைக் காட்டினார்கள். கூட்டத்தில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு நின்றதைக் காட்டினார்கள். பிறகு பால்மா விளம்பரம் வந்துவிட்டது. ஒரு குழந்தை சிரித்துச் சிரித்துக் குடித்தது.

என் மனைவி கத்தியது மனுசக் குரலாக இல்லை.

நான் போன் எடுத்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. வேலை நேரத்தில் போனை அறையில் வைத்துவிட்டுப் போகிறவன் அவன். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் மறுபடி மறுபடி அடித்தேன். ஒரு தடவை தவறி வேறு யாருக்கோ போய்விட்டது.

வெளியே பேச்சு ஓடியது. “என்னவாம்?” “இத்தாலிப் பையன் விழுந்துட்டானாம்.” எங்கள் லயத்தில் பன்னிரண்டு காம்பரா. கடைசிக் காம்பராவுக்குப் போய்ச் சேரும்போது அது “போயிட்டானாம்” என்று ஆகிவிட்டது. அதை அப்போது நான் அறியவில்லை. கோயில் ஸ்பீக்கர் நின்றபோதுதான் அறிந்தேன்.

ஞாயிறு பின்நேரம் கோயிலில் பக்திப் பாட்டு போடுவார்கள். அது பாதியில் நின்றது. தோட்டத்தில் சாவு விழுந்தால்தான் அப்படி நிறுத்துவார்கள். எத்தனையோ வீட்டுக்கு அந்த ஸ்பீக்கர் நின்றதைக் கேட்டு நானே மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போயிருக்கிறேன். இப்போது எனக்கு நின்றிருக்கிறது.

அந்த நேரம் உள்ளேயிருந்து ஈரப்புகை வாடை வந்தது. போய்ப் பார்த்தேன். அடுப்பில் தண்ணீர் ஊற்றியிருந்தது. சோற்றுப் பானை பாதி வெந்தபடி தரையில் இருந்தது. பக்கத்துக் காம்பரா அக்கா வெறும் செம்போடு நின்று அழுதுகொண்டிருந்தார்.

“யாரு அடுப்ப அணச்சது?”

“துக்க வீட்டுல எரியக்கூடாதேப்பா… நான் எங்க வீட்டுல ஒல வச்சிருக்கேன், எல்லாத்துக்கும் சேத்து…”

“யாருக்குத் துக்கம்? என் புள்ள செத்ததப் பாத்தியாக்கா நீ? சொல்லு, பாத்தியா?”

ஒருநாளும் அவரிடம் குரல் உயர்த்தியதில்லை. அவர் செய்ததில் குற்றமும் இல்லை. எங்கள் வழக்கம் அது, யார் வீட்டுக்கும் நாங்கள் செய்வது. ஆனால் என் மனைவி பின்னால் வந்து அந்த அணைந்த அடுப்பைப் பார்த்துவிட்டாள். டீவியில் பார்த்தபோதுகூட அவளுக்கு ஒரு சந்தேகம் மிச்சமிருந்திருக்கும். அடுப்பைப் பார்த்ததும் அதுவும் போய்விட்டது. சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

நான் முழங்கால் போட்டு அடுப்பைப் பற்றவைக்கப் பார்த்தேன். அடுப்படி வேலை எனக்குப் பழக்கமில்லை. ஈர விறகு பிடிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்த கோயில் நோட்டீசைக் கிழித்துப் போட்டேன், மண்ணெண்ணெய் ஊற்றினேன், ஊதி ஊதிக் கண்ணெல்லாம் எரிந்தது. “முருகா, முருகா” என்பதைத் தவிர வேறு பிரார்த்தனை வாயில் வரவில்லை. மச்சான் தன் வீட்டிலிருந்து காய்ந்த விறகு கொண்டுவந்து பக்கத்தில் வைத்தான். ஐந்து மணி வாக்கில் சின்னதாக ஒரு தீ பிடித்தது. அப்போதுதான் போன் அடித்தது.

“என்னப்பா, இருவது தடவ எடுத்திருக்கீங்க? அம்மாவுக்கு ஏதாவதா?”

மனைவி போனைப் பிடுங்கினாள். “ஏ சாமி, நீ உசுரோட இருக்கியாடா?” என்றாள். அவன் சிரிக்கப் பார்த்தான். பிறகு அவனுக்கு விளங்கிவிட்டது.

டீவியில் நாங்கள் பார்த்தது முந்தின நாள் நடந்ததாம். ஞாயிறன்று போட்டுக் காட்டுவது எப்போதுமே சனிக்கிழமைப் போட்டிதானாம். கிரிக்கெட் என்றால் நடக்கிற நேரத்திலேயே காட்டுவார்கள், அதே நினைப்பில்தான் நான்கு வாரமாகக் கைதட்டியிருக்கிறோம். நீல உடுப்புப் பெண் எழும்பி நடந்தே போய்விட்டாளாம். அந்தப் பெண்ணைப் பற்றி என் மனைவி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“அப்ப விழுந்தது யாருடா?”

“நம்ம ஊர்ப் பக்கத்துப் பையன்தாம்மா, என்கூடதான் வேல. பொல்பிட்டியாச் சிங்களப் பையன். எனக்குக் கை வெறச்சுப் போச்சுன்னு, அஞ்சு நிமிசம் நான் நிக்கிறேன், நீ போய்த் தேத்தண்ணி குடின்னு அனுப்பினான். கால் ஒடஞ்சு ஆஸ்பத்திரில இருக்கான். உசுருக்கு ஒண்ணுமில்ல.”

காலையில் கறி என்ன என்று கேட்டவன் இதை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் கேட்டிருக்கிறான். முருகனுக்கு நன்றி சொல்ல முருகன் படத்தின் பக்கம் திரும்பினேன். கை கூப்ப வரவில்லை. இன்னொரு வீட்டுப் பிள்ளை என் பிள்ளையின் இடத்தில் நின்றிருக்கிறது. எதற்கென்று நன்றி சொல்வது? இன்றுவரை எனக்கு அது விளங்கவில்லை.

மனைவி கேட்டாள்: “அந்தப் புள்ளையோட தாய்க்குத் தெரியுமா?”

“தெரியாதும்மா. நல்லா இருக்கேன்னுதான் பேசினான். சொல்ல வேணாம்னு சொல்லியிருக்கான்.”

“அவங்க வீட்டுல டீவி இருக்குல்ல? இத மறுபடியும் போட்டா? எனக்கு இன்னைக்கு வந்தது அந்தப் பொம்பளைக்கு வரக்கூடாது. நம்பரக் குடுடா.”

அவன் மறுத்தான். “குடு” என்று அவள் மறுபடி ஒரே சொல்லில் கேட்டாள். கொடுத்தான். ஃபெக்டரியில் வேலை செய்து எனக்குச் சிங்களம் வரும் என்பதால் போனை என் கையில் தந்தாள்.

ஒரு பெண் எடுத்தார். பின்னால் டீவி சத்தம் கேட்டது. நான் யார் என்று சொன்னேன். உங்கள் மகன் நன்றாக இருக்கிறார் என்பதை முதலில் சொன்னேன், இரண்டு தடவை சொன்னேன். அதற்குப் பிறகுதான் காலைப் பற்றிச் சொன்னேன். என் மகனை அனுப்பிவிட்டு அவர் நின்றதையும் மறைக்காமல் சொன்னேன். மறைத்துவிட்டு விபூதி பூச எனக்கு மனம் வராது.

அந்தப் பக்கம் டீவி சத்தம் நின்றது. பிறகு அந்த அம்மா கேட்டார்:

“எந்தக் கால்?”

நாங்கள் அதைக் கேட்டிருக்கவில்லை. நான் மனைவியைப் பார்த்து, “எந்தக் கால்னு கேக்கிறாங்க” என்றேன். அவள் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.