அரை மணிக்கு ஒருமுறை நின்ற சர்வர்

எங்கள் கல்லூரி லேபில் அறுபது கணினிகள். வெளியே போகிற இணைய இணைப்போ ஒன்றே ஒன்று, அதுவும் நோஞ்சான். அதனால் நடுவில் ஒரு பிராக்ஸி சர்வர் வைத்திருந்தேன். ஒரு பிள்ளை ஒரு பாடத்தை இறக்கினால், அது ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும். அடுத்த பிள்ளை கேட்கும்போது வெளியே போகாமல் தன்னிடம் இருப்பதையே எடுத்துக் கொடுக்கும். முழுக்க நான் அமைத்தது. அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

லேபைப் பார்த்துக்கொண்டவர் ஓர் அக்கா. பிறந்தது முத்துப்பேட்டைப் பக்கம், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைக் கிராமம். வாக்கப்பட்டது பூதலூர். தினமும் ரயிலில் வருவார். பிள்ளைகள் முன்னால் என்னை ‘மேடம்’ என்பார், ஆளில்லாவிட்டால் ‘ஏம்மா, சாப்டியா?’தான். அவரில்லாத நாளில் எனக்குக் கல்லூரியே பிடிக்காது. அவருடையது தற்காலிக வேலை. ஆண்டு முடிவில் முதல்வர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருடம் உண்டு.

அந்த வருடம் ஐப்பசி மழையில் கூரை ஒழுகி, சர்வர் மேல் சொட்ட ஆரம்பித்தது. அக்கா யாரையும் கேட்காமல் அதைத் தூக்கிப் பக்கத்து அறையில் வைத்தார். சமயோசிதமான காரியம். ஆனால் மூன்று வாரம் போனதும் சர்வர் முரண்டு பிடிக்கத் தொடங்கியது. திடீரென்று அறுபது திரையும் அப்படியே நிற்கும். இரண்டு மூன்று நிமிடம் கழித்து, ஒன்றுமே நடக்காததுபோல் எல்லாம் ஓடும்.

முதல்வர் கூப்பிட்டு என்ன கோளாறு என்று கேட்டார். தெரியவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “லேப் அக்கா அதை இடம் மாத்தினதுலேர்ந்துதான் சார் இப்படி” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எல்லாம் வாய்க்கொழுப்பு. அடுத்த வாரம் ஆபீசிலிருந்து சேதி கசிந்தது. கேட்காமல் பொருளைத் தூக்கிக் கெடுத்தவருக்கு இந்த முறை கையெழுத்து கிடையாதாம்.

அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை. கேபிளை மாற்றினேன். மெமரியைக் கூட்டினேன். சர்வர் எழுதி வைக்கிற லாகைப் பக்கம் பக்கமாகப் படித்தேன். யாராவது பக்கத்தில் வந்து பேசினால் எரிந்து விழுந்தேன். சர்வர் மட்டும் எனக்கு மசியவில்லை.

ஒருநாள் காலையில் அக்கா வந்து நின்றார்.

“எத்தன மணிக்கு நிக்குதுன்னு பாத்தியாம்மா?”

“அது எப்ப வேணா நிக்கும்க்கா.”

“இல்ல. ஒன்பது அஞ்சு, ஒன்பது முப்பத்தஞ்சு, பத்து அஞ்சு. மூணு நாளா பாக்குறேன். எங்க ஊர் வாய்க்கால்ல முறை வச்சுத்தான் தண்ணி விடுவாங்க. தானா வத்துற தண்ணிக்கு மணி தெரியாது. நேரம் பாத்து நின்னா, மேல யாரோ அடைக்கிறாங்கன்னு அர்த்தம். யாருன்னு பாரு.”

சர்வருக்குள் குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகளின் பட்டியலைத் திறந்தேன். ஒரே ஒரு வரி இருந்தது. ஒவ்வொரு மணியிலும் ஐந்தாவது நிமிடம், முப்பத்தைந்தாவது நிமிடம். எழுதியவள் நான்.

அக்கா இடம் மாற்றிய கையோடு நான் அதற்கு ஹார்ட் டிஸ்க்கும் புதிதாகப் போட்டிருந்தேன். அது நிரம்பிவிடுமோ என்ற பயத்தில், சேர்த்து வைத்த பிரதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து எவ்வளவு இடம் பாக்கி என்று சொல்ல ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். அன்றைக்கு டிஸ்க் காலி. ஒரு நொடியில் வேலை முடிந்தது. பிறகு பிரதிகள் லட்சக்கணக்கில் சேர்ந்துவிட்டன. ஸ்கிரிப்ட் அத்தனையையும் பார்த்து முடிக்கும்வரை டிஸ்க்கால் பிள்ளைகளுக்கு எதையும் எடுத்துக் கொடுக்க முடியவில்லை. வேலியே பயிரை மேய்ந்த கதைதான். அந்த வரியை அழித்தேன். பத்து முப்பத்தைந்து வந்தது, போனது. ஒரு திரையும் நிற்கவில்லை.

நேரே முதல்வரிடம் போய், தப்பு என்னுடையது என்றேன். அவர் சிரித்தார்.

“அவங்கள காப்பாத்தறதுக்காக நீங்க பழிய ஏத்துக்காதீங்க மேடம். நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுறவங்கன்னு தெரியாதா?”

எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. வாய்க்கு வந்ததைச் சொன்னபோது உடனே நம்பியவர், உண்மையைச் சொன்னால் நம்பமாட்டாராம். “வந்து பாருங்க சார்” என்று கையோடு லேபுக்கு அழைத்துப் போனேன். லேப் நிறையப் பிள்ளைகள். எல்லார் முன்னாலும் அந்த ஸ்கிரிப்டை நானே ஓடவிட்டேன். அறுபது திரையும் நின்றன. “மேடம்! போச்சு மேடம்!” என்று பிள்ளைகள் கத்தினார்கள். நிறுத்தினேன், ஓடின. இன்னொரு முறையும் செய்து காட்டினேன். முதல்வர் “போதும், போதும்” என்றார். மறுநாள் அக்காவின் வேலை நீட்டிப்பு உத்தரவில் கையெழுத்து விழுந்தது.

அன்று சாயங்காலம் அக்கா ரயிலுக்குக் கிளம்பும்போது மிச்சத்தையும் சொன்னேன்.

“முதல்வர்கிட்ட உங்கள கை காட்டுனதும் நான்தான்க்கா.”

“தெரியும்மா. ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட அப்ப அவர் ரூமுக்கு வெளியதான் நின்னுக்கிட்டிருந்தேன்.”

எனக்கு வெட்கமாக இருந்தது. “உங்களுக்குக் கோவமே வரலியாக்கா?” என்று கேட்டேன்.

அக்கா என் தலையில் வலிக்காமல் ஒரு குட்டு வைத்தார். “வராம? நாலு நாள் உங்கிட்ட ஒரு வார்த்த பேசல.” பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். “நீதான் கவனிக்கவே இல்ல. சர்வர் ஏன் நிக்குதுன்னு பாத்துக்கிட்டிருந்தே.”