கரும்பலகையின் இடது பாதி

என் ஈரத்துணியால் அந்தக் கல்லூரியில் நான் துடைக்காத இடம் ஒன்றே ஒன்றுதான்: இயற்பியல் துறைக் கரும்பலகையின் இடது பாதி. விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குத் தினமும் பஸ்ஸில் வந்த தற்காலிக விரிவுரையாளர் மேடம் அதில் இரண்டு வருஷம் கணக்குப் போட்டார். கல்லூரி முழுக்கத் துடைக்கும் வேலை என்னுடையது; அந்தப் பாதியை மட்டும் அழிக்க வேண்டாம் என்று மேடம் சொல்லியிருந்தார். எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன், ஆனாலும் யார் கை எழுதியது என்று பார்த்தாலே தெரியும். அங்கே எழுதியது மேடம் மட்டும்தான்.

ஒருநாள் என்னவென்று கேட்டேன். "ஒவ்வொரு துகளுக்கும் ஒரு ஜோடி இருக்கணும் ஆயாம்மா. ஆனா கண்ணுல காணோம், அந்தப் பொருத்தம் எங்கியோ உடைஞ்சிருக்கு. ஆக்சியான்னு இன்னொண்ணு, ரொம்ப லேசு, அதையும் யாரும் பாக்கல. பொருத்தத்தை உடைச்சதுதான் ஆக்சியானையும் பொறக்க வெச்சுதுன்னு காட்டப் பாக்குறேன்."

"ரெண்டையும் பாக்காமியே முடிச்சு போட்டுக்கினு இருக்கீங்களா?" என்றேன். பஸ்ஸைத் தவறவிடும் அளவுக்குச் சிரித்தார்.

கட்டுரை முடிந்ததும் துறைத்தலைவர் தன் பெயரையும் சேர்க்கச் சொன்னார். நிரந்தர வேலைக்கு அவர் தயவு வேண்டுமே. அந்தப் படிப்பில் பெயர்களை அகர வரிசையில் போடுவதுதான் வழக்கமாம். முன்னால் வருபவர் பெரியவர் என்று அர்த்தமில்லை. அவர் பெயர் ஏ-யில் தொடங்கும், மேடத்தின் பெயர் எஸ்-ஸில். "வரிசைதானே, போவட்டும் ஆயாம்மா" என்றார் மேடம்.

அந்த வேலைக்கான நேர்காணல் அன்று டீத் தட்டோடு உள்ளே நின்றேன். மேடம் வெளியே காத்திருந்தார். ஆள் எடுக்க வெளியூரிலிருந்து வந்திருந்த வேதியியல்காரர் கட்டுரையைப் புரட்டி, "முதல் பேரு உங்களுதாச்சே?" என்றார். "ஐடியா என்னுது சார். அந்தம்மா கணக்கைச் சரிபார்த்தாங்க, பாவம்" என்றார் துறைத்தலைவர், பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே. பெயர் வரிசையின் வழக்கம் அந்த அறையில் இரண்டே பேருக்குத் தெரியும்: அவருக்கும் எனக்கும். அவர் உதட்டோரம் ஒட்டியிருந்த பிஸ்கட் கூழை நினைத்தால் இன்றும் குமட்டுகிறது. என்னை நினைத்தாலும்தான். யாருக்கும் தலை குனியாதவள் என்று ஊரில் பேர் வாங்கியவள், தட்டைப் பிடித்துக்கொண்டு வாய் மூடி நின்றேன். த்தூ.

வேலை வேறொருவருக்குப் போனது. மறுநாள் மேடம் என் கையிலிருந்த துணியை வாங்கி, இடது பாதியை அவரே துடைத்தார். "எனக்கு மனப்பாடம் ஆயாம்மா" என்றார். அப்புறம் வரவில்லை.

இப்போது அந்தக் கட்டுரையின் முதல் பக்கம் துறை வாசலில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. மூட்டு வலியோடு நான்தான் அதையும் துடைக்கிறேன். போன வாரம் துறைத்தலைவர் நின்று பார்த்தார்.

"என்ன ஆயாம்மா, என் பேர் மேல தூசி அப்படியே இருக்கு?"

"வரிசையாத்தான் தொடச்சிக்கினு வர்றேன் சார். கடைசிப் பேர்லேர்ந்து."

அதே ஈரத்துணிதான். அவர் பெயருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.