பன்னிரண்டரை மணி ஊசி

பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் பதினொரு வருடம் திருநெல்வேலியில் ஓர் ஆஸ்பத்திரியின் ஐ.சி.யூ.வில் நர்ஸாக இருந்தேன். அங்கே நோயாளிகள் பேசமாட்டார்கள். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் இருக்கும் இந்தப் பள்ளியில் நோயாளிகள் பேச்சை நிறுத்தமாட்டார்கள். மாற்றம் உடம்புக்கு நல்லது என்று நினைத்துத்தான் வந்தேன்.

எனக்கு ஒதுக்கிய அறையில் முன்பு சாக்பீஸ் பெட்டிகளும் கால் உடைந்த பெஞ்சுகளும் இருந்தன. பெஞ்சுகளை எடுத்துவிட்டு ஒரு கட்டில் போட்டார்கள். எடை பார்க்கும் மெஷின் ஒன்று, முதலுதவிப் பெட்டி ஒன்று, நான். யாருக்கும் என் பெயர் தெரியாது. ஒன்றாம் வகுப்பிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் நான் சிஸ்டர்.

முதல் மாதத்திலேயே ஒரு விஷயம் பிடிபட்டது. வயிற்றுவலி வகுப்புவாரியாக வருகிறது. டைம்டேபிளை வாங்கிப் பார்த்தேன். எட்டாம் வகுப்பு பி பிரிவுக்குச் செவ்வாயும் வியாழனும் இரண்டாவது பீரியடில் உடம்பு சரியில்லை. அந்த பீரியட் கணக்கு. இருந்தாலும் யாரையும் தொட்டுப் பார்க்காமல் திருப்பி அனுப்பியதில்லை. ஒரு வியாழக்கிழமை அப்படி வந்த பையனுக்கு உண்மையாகவே குடல்வால் வீங்கியிருந்தது. அவனை ஆட்டோவில் ஏற்றும்போது, "கணக்கு டெஸ்ட்டு உண்டா சிஸ்டர்?" என்றுதான் கேட்டான்.

நான் சொல்ல வந்தது ஒரு பெண்ணைப் பற்றி.

சேர்ந்த இரண்டாவது வருடம், ஜூன் மாதம். சாரல் விழ ஆரம்பித்திருந்தது. பள்ளியில் பாதிப் பேர் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். கழிப்பறை சுத்தம் செய்யும் அக்கா ஒரு நாள் காலையில் பழைய பேப்பர் ஒன்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, நேரே தலைமையாசிரியை அறைக்குப் போனார். பேப்பருக்குள் ஆரஞ்சு மூடி போட்ட ஒரு சின்ன ஊசி இருந்தது. பெண்கள் கழிப்பறையில், வாளிக்குப் பின்னால் கிடந்ததாம்.

என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். போவதற்குள் தாளாளர் வந்துவிட்டார். பெற்றோர் சங்கத்திலிருந்து ஓர் அண்ணாச்சியும் வந்துவிட்டார். அவர் போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் பக்கம் போலீஸைக் கூப்பிட வேண்டியதில்லை, யாராவது ஒருவர் ஏற்கெனவே அறைக்குள் இருப்பார்.

"இது இன்சுலின் போடுற ஊசி. சர்க்கரை வியாதிக்காரங்களுக்குப் போடுறது" என்றேன்.

"அதத்தான் இப்ப போதைக்குப் போடுதானுவ" என்றார் அண்ணாச்சி.

"இன்சுலின் போட்டா போதை வராது சார். பசி வரும்."

அண்ணாச்சி அதையும் ஒரு தகவலாகக் குறித்துக்கொண்டார். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை எல்லாப் பெண்களின் பைகளையும் சோதனை போடுவது, பெற்றோருக்குக் கடிதம் அனுப்புவது என்று முடிவாகிக்கொண்டிருந்தது. நான் இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். தலைமையாசிரியை ஒரு நாள் கொடுத்தார்.

இன்சுலின் சாப்பாட்டுக்கு முன்னால் போடுவது. அதனால் மறுநாள் மத்தியானம் பெண்கள் கழிப்பறை வாசலில் இருக்கும் குழாயடியில் நின்று கை கழுவினேன். இருபது நிமிடம் கழுவினேன். பன்னிரண்டரைக்கு எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி சாப்பாட்டுப் பையோடு உள்ளே போனாள். கழிப்பறைக்குள் யாரும் சாப்பாட்டுப் பையைக் கொண்டுபோவதில்லை. வெளியே வரும்வரை காத்திருந்தேன். வந்தவள் என்னைப் பார்த்ததும் பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"எத்தனை யூனிட் போடுத?" என்று மட்டும் கேட்டேன்.

தரையைப் பார்த்துக்கொண்டே "எட்டு" என்றாள். பிறகு, "அம்மாட்ட சொல்லாதீங்க சிஸ்டர். நான் கீழ போட்டுட்டேன்னு தெரிஞ்சா ஏசுவாங்க" என்றாள்.

என் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஆறாம் வகுப்பிலிருந்து ஊசி போடுகிறாளாம். இரண்டு வருடமாக, தினமும், கழிப்பறையில் நின்றுகொண்டு. போட்ட ஊசியைச் சாப்பாட்டுப் பைக்குள் மறைத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவாள். அன்றைக்கு யாரோ கதவைத் தட்ட, கை தவறி விழுந்துவிட்டது. எடுக்க நேரமில்லை.

ஐ.சி.யூ.வில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஆனால் பதின்மூன்று வயதுப் பெண் வாளிப் பக்கத்தில் நின்றுகொண்டு சட்டையைத் தூக்கி வயிற்றில் குத்திக்கொள்கிற காட்சியை நினைத்ததும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அவளே, "தண்ணி குடிக்கீங்களா சிஸ்டர்?" என்று கேட்டாள்.

அவளுடைய அம்மா சாயங்காலம் வந்தார். அப்பா ராணுவத்தில், வடக்கே எங்கேயோ எல்லையில் இருக்கிறார். வியாதி விஷயம் அவர்கள் மூன்று பேரையும் டாக்டரையும் தவிர யாருக்கும் தெரியாது. சொந்தக்காரர்களுக்குத் தெரியாது. எதிர்வீட்டுக்குத் தெரியாது.

"பொம்பளப்புள்ள சிஸ்டர். ஊசி போடுதாங்கறது வெளிய தெரிஞ்சா நாளைக்கு எவன் கேட்டு வருவான்? நீங்களும் பொம்பளப்புள்ள வச்சிருப்பீங்க, ஒங்களுக்குத் தெரியாததா?"

எனக்கு இரண்டும் பையன்கள். அதைச் சொல்லும் நேரமாக அது தோன்றவில்லை.

கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். தலைமையாசிரியைக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தால் போதும். பெண் தினமும் பன்னிரண்டரைக்கு என் அறைக்கு வந்து ஊசி போட்டுக்கொள்வாள். பை சோதனையும் கடிதமும் இல்லை என்றதும் தலைமையாசிரியை உடனே ஒப்புக்கொண்டு, தாளாளரையும் அண்ணாச்சியையும் தானே சமாளிப்பதாகச் சொன்னார். நானும் ஒப்புக்கொண்டேன். அது தப்பு. அப்போது அது நல்ல மனசு மாதிரித் தெரிந்தது.

என் ரெஜிஸ்டரில் காரணம் எழுத வேண்டும். தலைவலி என்று எழுதினேன். ஆக, ரெஜிஸ்டர்படி அந்தப் பெண்ணுக்குத் தினமும் பன்னிரண்டரைக்குத் தலைவலி வந்து பன்னிரண்டு முப்பத்தைந்துக்குச் சரியாகிவிடும். வகுப்பு டீச்சர் அக்கறையுள்ளவர். இரண்டு வாரம் பார்த்துவிட்டு, பிள்ளையைக் கண் டாக்டரிடம் காட்டச் சொல்லி டைரியில் எழுதி அனுப்பினார். அம்மாவும் காட்டினார். வேறு என்ன செய்வது? பார்வையில் குறையில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அந்த ஐந்து நிமிடத்தில் நாங்கள் பேசிக்கொள்வோம். அவள் கொண்டுவந்த சாப்பாட்டைப் பார்த்து எவ்வளவு ஊசி என்று அவளையே கணக்குப் போடச் சொல்வேன். சரியாகச் சொல்வாள். ஒருநாள் ஊசியை வைத்துவிட்டு, "அங்கன மூச்சப் புடிச்சுக்கிட்டே போடுவேன் சிஸ்டர். இங்கன நாத்தம் இல்ல" என்றாள். பாராட்டாகத்தான் சொன்னாள்.

ஜூலையில் பள்ளியிலிருந்து ஐந்தருவிக்கு அழைத்துப் போனார்கள். பிள்ளைகளில் பலருக்கு அருவி சைக்கிள் போகிற தூரம்தான். ஆனாலும் பஸ்ஸில் போனால் அது டூர். எட்டாம் வகுப்பும் ஒன்பதாம் வகுப்பும், நான்கு டீச்சர்கள், பி.டி. சார், நான். மதியச் சாப்பாடு வேனில் தனியாக வருவதாக ஏற்பாடு.

பன்னிரண்டரை ஆனது. பெண் பஸ்ஸுக்கு வந்தாள். வேன் எங்கே என்று பி.டி. சாரிடம் கேட்டேன். "பத்து நிமிசத்துல வந்துரும்" என்றார். ஊசி போட்டால் கால் மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். சாப்பாட்டைக் கண்ணால் பார்க்காமல் ஊசி போடக் கூடாது. நர்சிங் படிக்கிற முதல் வருடப் பெண்ணுக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். பன்னிரண்டரை ஆகிவிட்டது, பத்து நிமிடம்தானே என்று போடச் சொன்னேன்.

சீசன் கூட்டத்தில் வேன் மாட்டிக்கொண்டது. நடுவில் கேரளா பஸ் ஒன்று திரும்ப முடியாமல் நின்றதாகப் பிறகு சொன்னார்கள்.

பஸ்ஸிலேயே உட்கார், பிஸ்கட் எடுத்துத் தருகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுத் திரும்பினால், ஜன்னல் ஓரம் வைத்திருந்த என் பையின் வெளி ஜிப் திறந்து கிடந்தது. பிஸ்கட்டையும் குளுக்கோஸ் பாக்கெட்டையும் ஒரு குரங்கு எடுத்துக்கொண்டு மரத்தில் இருந்தது. பிஸ்கட்டைப் பிறகு சாப்பிடலாம் என்று நினைத்ததோ என்னவோ, குளுக்கோஸை முதலில் பிரித்தது. நான் வேறு ஏதாவது வாங்கலாம் என்று கடைப்பக்கம் இறங்கிய நேரத்தில், தோழிகள் வந்து அந்தப் பெண்ணைக் குளிக்க இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஏன் வரமாட்டேன் என்று அவளால் சொல்ல முடியாது. சொல்லக்கூடாது என்பதுதானே எங்கள் ஏற்பாடு.

கையில் பழ ஜூஸ் பாட்டிலோடு கூட்டத்தில் அவளைத் தேடினேன். ஒரே யூனிஃபார்மில் நூறு பெண்கள், எல்லோரும் நனைந்து ஒரே மாதிரி இருந்தார்கள். யாரோ இடித்ததில் பாட்டில் கைதவறிப் படியில் உருண்டு தண்ணீரோடு போனது. அப்போது அவள் வகுப்புப் பெண் ஒருத்தி ஓடிவந்தாள்.

"சிஸ்டர், அவ பி.டி. சார 'ஏலே'ங்கா!"

போய்ப் பார்த்தேன். நனைந்த உடையோடு படிக்கட்டில் நின்றிருந்தாள். முகம் வெளுத்து, உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. எதிரே பி.டி. சார் விசிலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏலே, நீ யாருலே எனக்குச் சொல்லுததுக்கு?" என்றாள் அவரைப் பார்த்து. பிறகு சிரித்தாள்.

"பாத்தீங்களா சிஸ்டர்! குளிச்சது போதும், ஏறுன்னேன், அதுக்கு இந்தப் பேச்சு. ஒரு ஓரமா நிக்க வச்சாத்தான் புத்தி வரும்."

"சார், அவளுக்குச் சுகர். இறங்கியிருக்கு. பிடிங்க அவள" என்றேன். அதற்குள் அவள் கால் மடங்கிவிட்டது. அவர் பிடித்துவிட்டார்.

விழுங்க முடிகிற வரைக்கும்தான் வாயில் கொடுக்கலாம். அதற்கு அப்புறம் கொடுத்தால் புரையேறிவிடும். எனக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்தது ஓர் அல்வாக் கடை. அல்வாவில் நெய் அதிகம், சர்க்கரை ரத்தத்தில் சேர நேரமாகும். அடுத்தது டீக்கடை.

"அண்ணாச்சி, சீனி!"

"எத்தன டீ?"

"டீ வேண்டாம். சீனி மட்டும்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். டப்பாவையே தூக்கிக் கொடுத்துவிட்டு, கிளாஸில் தண்ணீரோடு பின்னாலேயே ஓடிவந்தார். கரைத்து வாயில் வைத்தேன். முதல் வாய் வெளியே வந்தது. "முழுங்கு தாயி" என்றார் டீக்கடைக்காரர். இரண்டாவது வாய் உள்ளே போனது. தோளில் கிடந்த பையிலிருந்து சர்க்கரை பார்க்கும் மீட்டரை எடுத்து விரலில் குத்திப் பார்த்தேன், நாற்பத்தொன்பது காட்டியது; எழுபதுக்குக் கீழே போகக் கூடாது. கால் மணி நேரம் கழித்து எண்பத்திரண்டு. அந்தக் கால் மணி நேரமும் பி.டி. சார் அவள் தலையைத் தன் கையில் தாங்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் எட்டாம் வகுப்பு முழுவதும் நின்றது.

கண் தெளிந்ததும் அவள் கேட்டது, "நான் சார ஏதாவது சொன்னேனா?"

"ஒண்ணும் சொல்லல" என்றார் பி.டி. சார்.

வேன் வந்தது. புளிச்சாதம் ஆறியிருந்தது.

மறுநாள் பி.டி. சார் என் அறைக்கு வந்தார். உட்காரவில்லை. "ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அவள நிக்க வைக்கப் பாத்திருப்பனா சிஸ்டர்?" என்றார். நடந்ததை முழுவதும் எழுதி, ஊசி போடச் சொன்னது நான்தான் என்றும் எழுதி, தலைமையாசிரியையிடம் கொடுத்தேன். அவர் இரண்டு முறை படித்துவிட்டு ஃபைலில் வைத்தார். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

திட்டுவதற்கு அம்மா வந்தார். பெண்ணும் கூட இருந்தாள்.

"இப்படி ஊருக்கே தெரிய வச்சிட்டீங்களே சிஸ்டர். ஒங்கள நம்பித்தான விட்டேன்!"

நம்பியதும் சரி, நான் தவறியதும் சரி. மன்னிப்புக் கேட்டேன். அவர் நிறுத்தவில்லை. அப்போது அந்தப் பெண், குரலை உயர்த்தாமல், "எம்மா, நேத்து நான் செத்துப் போயிருந்தா ஊருக்குத் தெரிஞ்சிருக்காதா?" என்றாள்.

அம்மா என் கட்டிலில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடி அழுதார். அழுது முடித்ததும், "எனக்கு அந்த ஊசியப் பாத்தாலே கை காலு ஆடும் சிஸ்டர். இதுவரைக்கும் ஒரு தடவ கூட நான் போட்டுவிட்டதில்ல. அவளேதான் போடுதா" என்றார். அன்றைக்கு ஓர் ஆரஞ்சுப் பழத்தை வைத்து அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஏழெட்டு முறை குத்தினார். ஒன்பதாவது முறை கண்ணைத் திறந்துகொண்டு குத்தினார்.

அந்த வாரமே அவள் வகுப்பில் எழுந்து தானே சொன்னாள். நான் பின்பெஞ்சில் இருந்தேன். "வலிக்குமா?" என்றாள் ஒருத்தி. "லட்டு திங்கலாமா?" என்றான் ஒருவன். "எங்க தாத்தாக்கும் இருக்கு. ஏட்டி, ஒனக்கும் தாத்தா வயசா?" என்று இன்னொருத்தி கேட்க, வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள். மறுவாரம் ஒரு பையன் பல்லுக்குக் கம்பி போட்டுக்கொண்டு வந்தான். வகுப்பு அவனிடம் போய்விட்டது.

எல்லா டீச்சர்களுக்கும் ஒரு சனிக்கிழமை வகுப்பெடுத்தேன். வியர்வை, நடுக்கம், சம்பந்தமில்லாத பேச்சு, கோபம், இதெல்லாம் வந்தால் முதலில் சர்க்கரை, அப்புறம்தான் தண்டனை. ஸ்டாஃப் ரூமில் ஐந்து குளுக்கோஸ் பாக்கெட் வைத்தேன். ஒரு மாதத்தில் காலியாகிவிட்டன. அந்த மாதம் எந்தப் பிள்ளைக்கும் சர்க்கரை இறங்கவில்லை. மறுபடி வாங்கி வைத்தேன்.

இப்போது அவள் பதினொன்றாம் வகுப்பு. டாக்டருக்குப் படிப்பாள், குறைந்தபட்சம் நர்ஸுக்காவது படிப்பாள் என்று நான் மனதுக்குள் நினைத்திருந்தேன். காமர்ஸ் எடுத்திருக்கிறாள். ஏன் என்று கேட்டேன்.

"பயாலஜி போதும் சிஸ்டர்" என்றாள்.

பன்னிரண்டரைக்கு வகுப்பிலேயே, பெஞ்சில் உட்கார்ந்தபடி ஊசி போட்டுக்கொள்கிறாள். பக்கத்தில் இருப்பவள் முதலில் இவளுடைய டிபன் பாக்ஸைத் திறந்து காட்ட வேண்டும். சாப்பாட்டைப் பார்த்த பிறகுதான் ஊசியின் மூடியைக் கழற்றுகிறாள்.