எல்லைக் கல்லில் நின்ற வேன்

என் அண்ணன் மருதுபாண்டி சிக்கல் பக்கம் எங்கள் ஊரில் மிளகாய் பயிரிடுகிறவர். அதிகம் பேசமாட்டார். அக்கா ராமலெட்சுமியும் அவள் கணவர் வசந்தகுமாரும் உச்சிப்புளியில் ஜெபக்கூடத்துக்குப் போகத் தொடங்கியபின், அவர்கள் வீட்டில் அண்ணன் தண்ணீர்கூடக் குடித்ததில்லை, மச்சானிடம் பேசியதுமில்லை. வருடாவருடம் வற்றல் மூட்டையை வாசலில் இறக்கிவைத்துவிட்டுத் திரும்பிவிடுவார்.

அக்காவுக்கு வயிற்றில் புற்று என்று தெரிந்ததும் மதுரை ஆஸ்பத்திரிக்கு அவளோடு அலைந்தவரும் அவர்தான். இனி வீட்டில் வைத்து வலியில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். திரும்பி வரும் பேருந்திலேயே, அவள் பிழைக்க வேண்டும் என்று அண்ணன் எங்கள் அம்மனுக்கு அக்கினிச்சட்டி எடுப்பதாக நேர்ந்துகொண்டார். அக்காவிடம் சொல்லவில்லை. எப்படியோ அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஆடியில் ஊரில் முளைப்பாரித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள்; சட்டி எடுக்க அண்ணனும் கட்டிக்கொண்டார். மஞ்சள் கயிறு கையில் ஏறிவிட்டால் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால், யாருக்காக நேர்ந்தோமோ அவர்களைத்தான் அது அடிக்கும் என்று அண்ணன் நம்பினார். அந்த வாரத்தில்தான் அக்காவுக்குக் கஞ்சிகூட இறங்காமல் போனது. நான் அவள் பக்கத்தில் இருந்தேன். “அண்ணன் எங்க?” என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

போன் செய்தேன்.

“செவ்வாக்கெழம சட்டிய எறக்கிட்டு ஓடியாந்துருவேன். அதுவரைக்கும் அவளப் பிடிச்சு வையித்தா” என்றார்.

“பிடிச்சு வைக்க அது என்ன ஆட்டுக்குட்டியாண்ணே?”

போனை வைத்துவிட்டார்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் கிடந்தாள். மச்சானைப் பார்த்து, “வண்டியப் பிடிங்க” என்றாள்.

“அந்தக் கொட்டுச் சத்தத்துக்குள்ள உன்னயக் கொண்டுபோகவா? பாஸ்டர் என்ன சொல்வாரு?”

“பாஸ்டரா சாகப்போறாரு? பிடிங்க.”

ஆம்னி வேனின் பின்சீட்டைக் கழற்றி மெத்தை விரித்தோம். வழியெல்லாம் அவள் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஊர் எல்லைக் கல்லுக்கு முன்னால் ஆட்கள் மறித்தார்கள். விழாக் கமிட்டி வேல்சாமி மாமா மச்சானைக் கும்பிட்டார்.

“தப்பா நெனைக்காத மாப்ள. உள்ள வச்சு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருச்சுன்னா ஊருக்கே தீட்டு. மொளப்பாரி நின்னுபோகும்.”

“ஒங்க திருவிழாவுக்கு யாரும் வரல” என்று மச்சான் வண்டியைத் திருப்பச் சொன்னார். வேன் திரும்பி நிற்பதற்குள் அண்ணன் ஓடிவந்துவிட்டார். மஞ்சள் வேட்டி, மேலில் சட்டையில்லை. கல்லுக்கு அந்தப் பக்கமே நின்றார்.

அக்கா ஏதோ முனகினாள்.

“என்ன சொல்லுறா?” என்று அங்கிருந்தே கத்தினார்.

“ஒங்களயே வந்து கேக்கச் சொல்லுது” என்றேன்.

அண்ணன் கல்லைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு டிரைவரிடம், “ஏலே, பின்னால எடு” என்றார். வேன் பின்னுக்கு நகர்ந்து கல்லை உரசி நின்றது. பின்கதவைத் தூக்கினேன். அக்காவின் தலை அந்தப் பக்கம்தான் இருந்தது. அண்ணன் காலை எல்லைக்கு உள்ளேயே ஊன்றிக்கொண்டு, இடுப்புக்கு மேலே வேனுக்குள் சாய்ந்தார்.

“கால் உள்ளதான் இருக்கு” என்று வேல்சாமி மாமாவுக்குக் கேட்கும்படி சொன்னார்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்து இருமலாகிவிட்டது. “ஒங்க சாமி காலத்தான் பாக்குமாக்கும்?”

“பேசாமக் கெடத்தா.”

“பேசத்தான் வந்தேன். நீ சட்டி எடுத்தாலும் நான் போவேன், எடுக்காட்டியும் போவேன். பெறகு, அன்னைக்குத் தலைய வெளிய நீட்டிட்டேனே, அதான் போயிட்டாளோன்னு பொலம்பிக்கிட்டுத் திரியாத. ஒன்னால இல்லண்ணே.”

அக்கா கையைத் தூக்கி அண்ணன் தலையில் வைத்து ஜெபிக்கத் தொடங்கினாள். வேல்சாமி மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஊருக்குள் கொட்டு விழுந்துகொண்டிருந்தது. மூச்சு முட்டி இடையில் நின்றாள், மறுபடி தொடர்ந்தாள். முடிந்ததும் மச்சான் மட்டும் ஆமென் சொன்னார். அண்ணன் சொல்லவில்லை. தலையையும் எடுக்கவில்லை.

அவள் கை அசந்து இறங்கிய பிறகுதான் நிமிர்ந்தார். சரிந்திருந்த தலையணையை நேராக்கினார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக மச்சானிடம் பேசினார்.

“மெதுவாப் போகச் சொல்லுங்க மாப்ள. பாலத்துக்கிட்ட குழி கெடக்கு.”