மசூரின் பகல் நித்திரை

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சம்மாந்துறையில் நிற்கும் என் நெல் மில் இந்தக் கைகளால் எழும்பியது. அங்கே மூடை சுமந்த மசூரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவன் இல்லை. அவன் தொழில் பழகிய வேளையைக் கண்ணால் கண்டவன் நான்.

மசூருக்குச் சொந்த ஊர் பாலமுனை. முதுகு போனதும் அவனால் மூடை தூக்க முடியவில்லை.

"நெல்லு வெட்டுக்கு முதல் ட்ரக்டர் பழகு. இழுவைப் பெட்டியோட பின்னால எடுத்து கேற்றுக்குள்ள உட்டா வேலை உனக்கு. இல்லாட்டி சாகாமத்து ஊருல ஒருத்தன் வாறதுக்கு நிக்கான்" என்றேன்.

முன்னால் ஓட்டுவது பெரிய காரியமில்லை. பின்னால் எடுக்கும்போது பெட்டி வலப்பக்கம் போக, ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்ப வேண்டும். மூடைத் தள்ளுவண்டியோடு வாழ்ந்த மசூரின் கைகளுக்கு அது ஏறவில்லை. கேற்றுத் தூண்தான் இடி வாங்கியது.

"நீ ஒரு பக்கம், பெட்டி ஒரு பக்கம். ஊட்டயும் இப்பிடித்தானா?" என்று றிஸ்மி சீண்டினான். அவன் மில்லில் நெல் அவிப்பவன்.

"ஊட்டயும் அப்பிடித்தான். அதாலயாவது எனக்குப் பழகி இரிக்கோணுமே" என்றான் மசூர்.

அப்போதுதான் கல்முனையிலிருந்து சிவரூபினி வந்தார். மனிதர் ஒரு கைவேலையை எப்படிப் பழகி, எப்படி மறக்காமல் வைத்திருக்கிறார்கள் என்று ஆராய்கிற உளவியல்காரி. காலையில் பழகுகிறவனை பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு தூங்க விடச் சொன்னார்.

"நான் நித்திரை முழிச்சு ஆளானவன், புள்ள."

"பழகினதை மூளை நித்திரையிலயும் அடுக்கி வைக்குது, ஹாஜியார். கைலூலா எண்டு உங்கட ஆக்கள் பகல்ல படுக்கிறதுதானே?"

நபிவழிச் சுன்னத்தைச் சொன்ன பிறகு, சரி, படுக்கட்டும் என்று விட்டேன்.

விடிந்தால் வெட்டு என்ற நாள் வந்தது. அன்று பின்னேரம் அஸர் தொழுகை முடியக் கடைசிப் பரீட்சை. மசூர் வெறுஞ்சாக்குகளின் மேல் கிடந்தான். இன்னும் கொஞ்சம் பழகட்டும் என்று எழுப்பப் போனேன். கூரை ஓட்டையால் விழுந்த வெயிலில் உமித்தூசி மெல்ல நீந்திக்கொண்டிருந்தது. வயல் பக்கமிருந்து வந்த காற்றில் எங்கிருந்தோ கடல் வாடை. அவன் நெஞ்சின் மேலிருந்த கைகள் அசைந்தன. கொஞ்சம் இடப்பக்கம். நின்றன. பிறகு, தண்ணீருக்குள் திருப்புவது போல, மெல்ல வலப்பக்கம்.

மில்லை நிறுத்தச் சொன்னேன். நான் சொன்னால் நிற்கும். அந்த அமைதியில், கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டி என்னைக் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பள்ளிவாசலின் அஸர் பாங்கு அவனை எழுப்பியது. தொழுதுவிட்டு ட்ரக்டரில் ஏறினான். கைகளைப் பார்க்கவில்லை, பெட்டியின் மூலையைத்தான் பார்த்தான். இரண்டு தூணுக்கும் நடுவால் பெட்டி உள்ளே வந்து நின்றது.

"கனவுல என்னடா கண்ட?" என்று கேட்டேன்.

"கடலுக்குள்ள ஒரு கேற், ஹாஜியார். பெட்டி நிறைய நெல்லு. நான் பின்னால போய்க்கிட்டே இரிக்கன்."

"இடிச்சியா?"

"கடல்ல எங்க இடிக்கிற?"

சாகாமத்தானை வர வேண்டாம் என்று சொல்லியனுப்பினேன். வெட்டு முடிந்து, ட்ரக்டர் நெடுநாள் சும்மா நின்ற பிறகு சிவரூபினி மறுபடி வந்து பார்த்தார். மசூரின் கை மறக்கவில்லை.

இப்போது லுஹருக்குப் பிறகு என் மில் கொஞ்ச நேரம் ஓடாது. இந்த ஊரில் அப்படி நிறுத்திய முதல் முதலாளி நான்தான்.