வாப்பாவுக்குப் போதாத கேஸ்

எங்கள் ஊரில் யாருக்கும் இருதய நோய் கிடையாது. நெஞ்சு அடைத்தாலும் கேஸ், மூச்சு வாங்கினாலும் கேஸ். மௌத்தாகிப் போனவரைக்கூட, கேஸ் அடைத்துவிட்டதாம் என்று சொல்லித்தான் அடக்குவோம். மாத்தளையில் மிளகும் கராம்பும் விற்ற என் வாப்பாவும், கால் இரண்டும் வீங்கும்வரை அந்தக் கொள்கையில் உறுதியாக இருந்தார்.

கிளினிக்கில் டொக்டர் சிங்களத்தில் விளக்கினார்: இருதயம் பலவீனமாகிவிட்டது, இரத்தக் குழாய்கள் விரிய வேண்டும், அதற்கொரு குளிசை. வாப்பாவுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் நான் இரசாயனவியல் டீச்சர். சும்மா இருப்பேனா? குழாயின் உட்சுவரே நைத்திரிக் ஒட்சைட்டு என்ற வாயுவை உண்டாக்கிக் குழாயைத் தளர்த்துகிறது, இருதயம் பலவீனமானால் அது போதாமல் போகிறது என்று திரும்பி வரும் பஸ்ஸில் முழுப் பாடமே நடத்தினேன். விளங்கவேண்டுமே என்று கடைசியில் சுருக்கியும் கொடுத்தேன்.

"ஒங்கட ஒடம்புல ஒரு கேஸ் கொறவு வாப்பா. இந்தக் குளிச அதத் தரும்."

வாப்பா தலையாட்டினார். என்ன நல்ல மாணவர் என்று பூரித்துப்போனேன்.

முதல் இரண்டு நாளும் அவருக்குத் தலையிடி. குழாய்கள் விரிவதால் அந்தக் குளிசைக்கு அது வழக்கம்தான். வாப்பாவின் ஆராய்ச்சி வேறு முடிவுக்கு வந்தது: கேஸ் தலைக்கு ஏறிவிட்டது. யாரிடமும் சொல்லாமல் குளிசையை நிறுத்திவிட்டு, கேஸை வெளியேற்ற இஞ்சியும் ஓமமும் அவித்துக் குடித்தார். நானோ, வாப்பாவின் முகம் தெளிந்திருக்கிறது என்று உம்மாவிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

பத்தாம் நாள் தொழுகையில் சுஜூதுக்குக் குனிந்தவருக்கு மூச்சு வரவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூக்கில் ஒட்சிசன் குழாயோடு சாய்ந்திருந்தவரிடம், குளிசையை ஏன் விட்டீர்கள் என்று சத்தம் போட்டேன். அந்த நிலையில் கிடப்பவரையும் அதட்டும் தைரியம் டீச்சர்மாருக்கு மட்டுமே உண்டு.

"எனக்கு ஈக்கிற கேஸே தாங்க ஏலா, மகள்," என்றார், ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கி. "நீ அவ்வளவு ஆசயா செல்லிக் குடுத்தே. வேணாம்னு செல்ல மனம் வரல்ல."

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. என் விளக்கம் அவரைக் கொன்றே இருக்கும்.

நர்ஸ் குளிசையைக் கொண்டுவந்து தந்தார். வாப்பா என் முகத்தைப் பார்த்தார்.

"இது நெஞ்சுக்கு வாப்பா," என்றேன். வேறு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

விழுங்கினார்.