வண்டிக்குள்ள இருந்த கால்

என்ட இடது காலுல, கரண்டைக்கு மேல ஒரு புண். மூணு வருஷம் ஆறல்ல. ஒரே நாத்தம். என்ட கூடப்பிறந்த ராத்தாவே எனக்குச் சோறு தின்ன ஒரு பீங்கானைத் தனியா எடுத்து வெச்சா. குட்டநோயெண்டு ஊர் கதைச்சிச்சி. குட்டக்காரரத் தீவுக்குக் கொண்டு போற காலம் அது. ரெண்டு புள்ளையளையும் உட்டுட்டுப் போக வருமோ எண்டு நான் செத்துச் செத்துப் பிழைச்சன்.

மருந்து எடுக்காம இல்ல. மாசம் ஒருக்கா, திரை கட்டின மாட்டுவண்டியில ஆஸ்பத்திரிக்குப் போவம். நான் வண்டிக்குள்ளயே இருப்பன். பிற ஆம்புளைக்குக் காலைக் காட்டுறதா? மானம்! அந்த மானத்துல தீய வெக்க. என்னைக் கட்டின மாப்புளதான் உள்ளுக்குப் போய், சாரத்தை உசத்தி, தன்ட கால்ல இடத்தைத் தொட்டுக் காட்டி, களிம்போட வருவார். என்ட கால்ல தொடை மட்டும் நரம்பு புடைச்சி முறுக்கிக் கிடந்திச்சி. அத அவர்ர நல்ல கால் எப்பிடிக் காட்டும்?

தொழுதிட்டு ஒவ்வொரு நாளும் ஒரே துஆதான். "யா அல்லாஹ், பிறத்தியான் கண்ணுல படாம இந்தக் காலைச் சுகமாக்கு."

இங்கிலாந்து மகாராணி வந்து போன வருஷம், ஒரு வெள்ளிக்கிழமை. ஆம்புளைகள் எல்லாம் ஜும்ஆவுக்குப் போயிட்டாங்க. கிணத்தடியில தறிநூல் அலசிக்கிட்டு நிண்டன். புண்ணுக்குள்ள நரம்பு வெடிச்சி ரெத்தம் பீச்சினிச்சி. அப்பத்தான் வேற துஆ கேட்டன். "ஆர் பாத்தாலும் பறவால்ல றப்பே, என்ட புள்ளையளுக்கு என்னைத் தா."

ராத்தா வாசலோட நிண்டுட்டா. சொறிக்கல்முனையில இருந்து நெல்லு ஏத்தி வந்த ஒரு தமிழ் வண்டிக்காரர்தான் ஓடி வந்தார். தலைத்துண்ட அவுத்துக் காலை இறுக்கிக் கட்டினார். மூட்டைக்கு மேல காலைத் தூக்கி வெச்சி, திரையில்லாத வண்டியில கொண்டு போனார். ஊரே பாத்திச்சி.

டொக்டர் என்ட காலைப் பாத்தார். பின்னால ஓடி வந்த மாப்புளயப் பாத்தார். "இவ்வளவு நாளும் நீர் காட்டின கால் ஆர்ர ஐசே?" எண்டார். மாப்புள சாரத்தை இழுத்துத் தன்ட காலை மூடினார்.

"இது குட்டமில்ல. நரம்புல ரெத்தம் தேங்கி வந்த புண். கொழும்புல நரம்பு ஒப்பரேசன் செய்யிற பெரிய டொக்டருக்குக் கடிதம் தாறன்."

மட்டக்களப்புக்குப் போய் ரயிலேறினம். கொழும்புல காலை உசத்திக் கட்டி ஒரு மாசம் கிடத்தினாங்க. பொறகு தொடையடியில நரம்பைக் கட்டி, கெட்ட நரம்ப உருவி எடுத்தாங்க. படிக்கிற டொக்டர்மார் சுத்தி நிண்டு பாக்கிற நேரம் கண்ண மூடிக்கிட்டுக் கலிமாச் சொன்னன்.

புண் ஆறிட்டு, அல்ஹம்துலில்லாஹ். ஆனா அந்த மூணு வருஷத்த ஆர் திருப்பித் தருவா? ராத்தா இப்ப ஒண்டாத் தின்னக் கூப்பிடுறா. நான் அந்தப் பீங்கானத்தான் எடுக்கிறன், அவ பாக்கட்டும் எண்டு. அவவ மன்னிக்கணுமாம். அதுக்கும் துஆ கேட்டுக்கிட்டுத்தான் இரிக்கன், இன்னும் மனசு வரல்ல.

பொண்டுகளே, அல்லாஹ்ட்டக் கேளுங்க. அவன் கேக்கிறான், சத்தியம். ஆனா கேட்டுட்டு வண்டியால இறங்குங்க.